முழு அளவு

எங்கள் பக்கத்துச் சனங்களிடம் டொக்டர் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். ஓம். மருந்து போடுறீங்களா, ஓம். உப்பைக் குறைச்சீங்களா, ஓம். காலைப் பார்த்துக் கழுவுறீங்களா, ஓம். அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வராது. பள்ளிக்கூடம் போகாத ஒருவர் படித்த ஒருவருக்கு முன்னால் ஸ்டூலின் நுனியில் இருந்துகொண்டு சொல்லக்கூடிய மரியாதையான சொல் அது ஒன்றுதான். இல்லை என்றால் ஏச்சு விழும். ஏச்சு விழுந்தால் பின்னால் நீட்டு வாங்கில் வரிசையாகக் குந்தியிருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கும். அந்த வாங்கில் பாதிப் பேர் ஊர்க்காரர்.

அம்மா எட்டு வருஷம் அந்த ஓமைச் சொன்னார். கடைசி ஒரு வருஷம் அவருக்காக நான் சொன்னேன், இங்கிலிஷில்.

எங்கள் வீடு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். ஆஸ்பத்திரி கிழக்கே, எழுவான்கரையில். சனங்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு எஞ்சின் பூட்டிய மிதவை ஒன்று இரண்டு கரைக்கும் போய்வரும். அதற்கு எங்கள் ஊரில் பெயர் 'பாதை'. கிளினிக் நாளில் முதல் பாதைக்குப் போனால்தான் மத்தியானத்துக்குள் திரும்பலாம். அம்மா கிளினிக் கொப்பியைச் சேலைத் துண்டில் சுற்றி, அதைச் சொப்பிங் பையில் போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். தண்ணீர் தெறித்தால் தன்னைத் துடைக்கமாட்டார், பையைத்தான் துடைப்பார்.

அப்பா இல்லை. வீடு அக்காவுக்குச் சீதனமாகப் போய்விட்டது. பின்பக்கம் இறக்கிய பத்தியில் அம்மாவும் நானும் இருந்தோம். அம்மா விடியவே இடியப்பம் அவித்துச் சந்திக் கடைக்குக் கொடுப்பார். அந்த இடியப்பத்தில்தான் நான் வந்தாறுமூலைக் கம்பஸ்வரை போனேன். அக்கா சண்டைக் காலத்தில் இரண்டாம் வகுப்போடு நின்றவர். எங்கள் வீட்டில் ஒரு படிவத்தைத் தானே நிரப்பிக் கையெழுத்து வைத்த முதல் ஆள் நான். ஆகவே சீனி வருத்தத்துக்குக் குளிசை போதாது, இனி ஊசிதான் என்று டொக்டர் அம்மாவுக்கு எழுதினபோது, அதை வாசிக்கிற பொறுப்பு என்னுடையதானது.

இன்சுலின் சிரிஞ்சில் கோடுகளும் இலக்கங்களும் எறும்பு ஊர்கிறமாதிரி இருக்கும். அம்மாவுக்கு இலக்கம் தெரியாது. அக்காவின் சிவப்பு நகப்பூச்சை எடுத்து, இருபதாம் கோட்டில் சின்னதாய் ஒரு வரை வரைந்து கொடுத்தேன். காலையில் சிவப்புவரை, பின்னேரம் அதில் பாதி. சிரிஞ்சு மாற்றும்போதெல்லாம் நான்தான் வரைவேன். பிரிட்ஜ் இல்லாததால் மருந்துப் போத்தலை ஒரு சின்ன மண்முட்டிக்குள் ஈரமணலில் புதைத்து வைப்பார் அம்மா. நாளுக்கு இரண்டு தரம் மணலுக்குத் தண்ணீர் தெளிப்பார். பூச்செடிக்குக்கூட அவர் அப்படி ஊற்றி நான் கண்டதில்லை.

அந்த நாளில் கம்பஸில் ஒரு விவாதம் வைத்தார்கள். வைத்தியத்தை அரசு கொடுக்க வேண்டுமா, சந்தையிடம் விட வேண்டுமா என்பது தலைப்பு. நான் அரசின் பக்கம். எதிர்ப்பக்கத்தில் பேசியவன் செங்கலடியில் கடை வைத்திருப்பவரின் மகன், என் நல்ல கூட்டாளி. அவன் மேடையில் சொன்னதை விட, முதல்நாள் கன்ரீனில் என்னைச் சீண்டுவதற்குச் சொன்னதுதான் எனக்கு நினைவில் நிற்கிறது. "சும்மா குடுக்கிறவனுக்கு வாங்கிறவன்ட முகம் தெரியத் தேவல்ல மச்சான். விக்கிறவனுக்குத் தெரியணும். தெரியாட்டிக் கடையப் பூட்டணும்." உன் அப்பா முகம் பார்ப்பது கடன் கொடுக்கலாமா கூடாதா என்று அறியத்தான் என்று நான் திருப்பிச் சொன்னேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

மேடையில் நான் அம்மாவைப் பற்றிப் பேசினேன். பெருவிரல் அடையாளம் வைக்கும் ஒரு பெண் எட்டு வருஷமாக ஒரு சதமும் கொடாமல் உயிரோடு இருக்கிறார், அவரைச் சந்தையிடம் விட்டிருந்தால் நான் இந்த மேடையில் நின்றிருக்கமாட்டேன் என்றேன். சபை எழும்பிக் கைதட்டியது. அம்மாவைக் காட்டி வென்றேன். வீட்டுக்குப் போய் அதை அவரிடம் சொன்னபோது, "என்ட வருத்தத்த ஊருக்கெல்லாம் சொல்லிட்டியா மனே" என்று வெட்கப்பட்டார்.

கொஞ்சக் காலத்தில் நாட்டில் எல்லாம் தட்டுப்பாடாகிப் போனது. எரிபொருள் வரிசை, எரிவாயு வரிசை என்று எல்லோரும் சொல்லுகிறார்கள். மருந்துக்கு வரிசை இருக்கவில்லை. இல்லாத பொருளுக்கு யார் வரிசையில் நிற்பார்கள்? கிளினிக்கில் ஊசிமருந்துக்குப் பதிலாக ஒரு துண்டு எழுதித் தந்தார்கள். "வெளியில எடுங்க." கொடுத்தவர்களுக்கும் அது பிடிக்கவில்லை. மருந்து கொடுக்கும் யன்னலுக்குள் இருந்தவர் துண்டை நீட்டும்போது முகத்தை மற்றப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதுவரைக்கும் வெளி என்பது எங்களுக்கு முற்றத்துக்கு அப்பால் உள்ள இடம். அதற்குப் பிறகு பாமசி, காசுக்கு மருந்து விற்கிற கடை.

எழுவான்கரையில் பஸ் நிற்கிற இடத்தருகே ஒரு காத்தான்குடிக்காரர் பாமசி வைத்திருந்தார். அங்கத்தைய முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிறமாதிரி நானும் அவரைக் காக்கா என்றே கூப்பிடுவேன். போத்தலை ஐஸ்கட்டி போட்ட சின்னப் பையில் வைத்து, பாதையில் போய்ச் சேருமட்டும் வெயிலில் பிடிக்காதீங்க என்று ஒவ்வொரு முறையும் சொல்லித்தான் தருவார். முதல் போத்தல் வாங்கினோம். இரண்டாவதும் வாங்கினோம். மூன்றாவது வாங்கப் போனபோது அவர் என்னைக் கொஞ்சம் ஓரமாகக் கூப்பிட்டார்.

"தம்பி, கோவிக்காதீங்க. இந்தப் போத்தில் அம்மாக்கு ஒரு மாசம்தான் வரும். நீங்க ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வாறீங்க."

வேறு கடையிலும் எடுக்கிறோம் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "நல்லம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அன்றைக்கு ஐஸ்கட்டியைக் கொஞ்சம் கூடப் போட்டுக் கட்டினார்.

மறுநாள் காலை நான் எழும்பாததுபோலப் பாயில் கிடந்தேன். அம்மா முட்டிக்குள்ளிருந்து போத்தலை எடுத்து, சிரிஞ்சில் மருந்தை இழுத்து, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். மருந்து சிவப்பு வரைக்கு நல்ல கீழே நின்றது. சுவர்ப்பக்கம் திரும்பி வயிற்றில் குத்திக்கொண்டார். பிறகு போத்தலை மறுபடி மணலில் புதைத்து, எவ்வளவு மிச்சம் என்று விரலால் அளந்தார்.

நான் எழும்பி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் அடுத்த கேள்வி என்னிடம் வரும்: அப்படியென்றால் மாதம் ஒரு போத்தல் நீ வாங்கித் தருவாயா? நான் பட்டம் முடித்துவிட்டு, பக்கத்து ஊரில் பிள்ளைகளுக்கு டியூசன் கொடுத்துக்கொண்டிருந்தேன். என்னால் முடியாது என்பது அம்மாவுக்குத் தெரியும். அதனால்தான் அவர் எனக்கு மறைத்தார். அவர் மறைத்தது எனக்குத் தெரியாது என்று நானும் நடந்துகொண்டேன். ஒரே பத்திக்குள் இருந்துகொண்டு இரண்டு பேரும் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டிருந்தோம்.

அந்த வருஷம் கிளினிக்குக்குப் புதிதாக ஒரு டொக்டர் வந்திருந்தார். தெற்கிலிருந்து வந்த இளம்பெண், என்னைவிட நாலைந்து வயது கூடுதலாக இருக்கலாம். தமிழ் கொஞ்சம்தான் வரும். "ஊசி போடுறது? ஒழுங்கா?" என்று கேட்பார். நான் இங்கிலிஷில் பதில் சொன்னதும் அவர் முகம் வெளித்தது. காலையிலிருந்து கைச்சைகையில் பேசிக் களைத்த ஒருவருக்கு அது எவ்வளவு ஆறுதல் என்று பார்க்கவே தெரிந்தது. நான் என்ன படித்தேன் என்று விசாரித்தார். இப்படி ஒரு மகன் இருந்தால் எங்களுக்குப் பாதி வேலை குறையும் என்றார். ஸ்டூலில் அம்மா இருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். ஆனால் அந்த மேசையில் டொக்டரின் பக்கம் நிற்பதுபோல எனக்கு இருந்தது. பிறந்ததிலிருந்து எந்த மேசைக்கும் அந்தப் பக்கம் நான் நின்றதில்லை.

பிறகு இரத்தப் பரிசோதனைத் துண்டைப் பார்த்தார். சீனி நன்றாகக் கூடியிருந்தது. முழு அளவும் போடுகிறாரா என்று என்னிடம் கேட்டார். அவர் என்ன கேட்கிறார் என்று விளங்காமலே அம்மா முந்திக்கொண்டு "ஓம்" என்றார். டொக்டர் என்னைப் பார்த்தார்.

"யெஸ் டொக்டர். ஃபுல் டோஸ்."

அவர் யோசித்துவிட்டு அளவைக் கூட்டி எழுதினார். இருபது இருபத்தாறாகியது. அதற்கடுத்த கிளினிக்கில் திரும்பவும் கேட்டார், திரும்பவும் நான் அதையே சொன்னேன். முப்பத்துநாலாகியது. ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்து நகப்பூச்சை எடுத்து, சிவப்பு வரையை ஒரு படி மேலே வரைந்து கொடுத்தேன். வரை ஏறியது. அம்மா பழைய இடத்திலேயே இழுத்துக்கொண்டிருந்தார்.

இதில் பயங்கரமானது, எனக்கு ஒரு பயமும் இருக்கவில்லை என்பதுதான். வாங்கவே முடியாத மருந்தின் அளவு கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்று நினைத்தேன். கொப்பியில் எழுதுகிற இலக்கம் கொப்பியிலேயே கிடக்கும் என்று நினைத்தேன்.

ஒருநாள் கிளினிக் மண்டபத்துக்குள் நுழையும்போதே ஆட்களின் முகம் வேறாக இருந்தது. மருந்து வந்துவிட்டது. தாதி யன்னலால் தலையை நீட்டி, "இன்சுலின் வந்துட்டு, இடிபடாதீங்க, எல்லாருக்கும் இரிக்கு" என்று சொன்னார். யாரோ ஒரு கிழவர், புதைச்சு வைக்கச் சட்டிபானையும் தருவீங்களா புள்ள என்று கேட்க வாங்கெல்லாம் சிரித்தது. டொக்டர் இரண்டு போத்தலுக்கு எழுதினார். தமிழில் தான் பழகி வைத்திருந்த வசனத்தை அம்மாவுக்குச் சொன்னார்: "அம்மா, இனி வெளியில எடுக்கத் தேவல்ல." அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

பாதையில் திரும்பும்போது அம்மா நிறையக் கதைத்தார். இறால் என்ன விலை போகுது, அக்காவின் பிள்ளைக்குப் பல்லு முளைக்குது என்றெல்லாம். நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். விவாதத்தில் நான் சொன்னது சரி, கொஞ்சம் பிந்தினாலும் அரசு தந்துவிட்டது என்று நினைத்தேன். இன்னொன்றும் நினைத்தேன், அதையும் எழுதத்தான் வேண்டும். அம்மா இனி முழு அளவு போடுவார், நான் சொன்ன பொய் இன்றோடு உண்மையாகிவிடும் என்று நினைத்தேன். பெரிய பாரம் இறங்கினதுபோல இருந்தது.

மறுநாள் காலை நான் டியூசனுக்குப் போய்விட்டேன். அம்மா முப்பத்துநாலில் நின்ற சிவப்பு வரையைத் தொடுமட்டும் மருந்தை இழுத்து ஊசி போட்டிருக்கிறார். சும்மா கிடைத்ததைக் குறைத்துப் போட அவருக்கு என்ன காரணம் இருக்கிறது? போட்டுவிட்டு வழக்கம்போல இடியப்பம் பிழிய இருந்திருக்கிறார். கடைக்குக் கொடுத்துவிட்டுத்தான் அவர் எப்போதும் சாப்பிடுவார்.

நடந்ததை அக்கா பிறகு சொன்னார். அடுப்படியில் அம்மா வேர்த்து விறுவிறுத்து, உரலைப் பிடித்துக்கொண்டு தொடர்பில்லாமல் ஏதோ கதைத்தாராம். பக்கத்து வீட்டு மாமி ஓடிவந்து பார்த்துவிட்டு, சீனித் தண்ணி கரைத்து வந்தாராம். அக்கா கோப்பையைத் தட்டிவிட்டிருக்கிறார். "சீனி வருத்தக்காரிக்குச் சீனியா குடுக்கிற? என்ட அம்மாவக் கொல்லப் போறியாகா?" மாமி பயந்துபோய் நின்றுவிட்டார். முகத்துக்குத் தண்ணீர் அடித்தார்கள், காலைத் தேய்த்தார்கள். அம்மாவுக்கு வலிப்பு வந்தது. பிறகு நினைவு இல்லை.

எனக்குப் போனில் கோல் வந்து, நான் சைக்கிளை மிதித்து வந்து, ஒரு த்ரீவீலரில் அம்மாவை ஏற்றித் துறைக்குப் போனோம். பாதை அக்கரையில் நின்றது. அது எங்கள் காலத்துக்கு வராது, தன் காலத்துக்குத்தான் வரும். அம்மாவின் தலை என் மடியில் இருந்தது. வாய் ஓரத்தில் நுரை. தண்ணீருக்கு அந்தப்பக்கம் ஆஸ்பத்திரியின் தண்ணீர்த் தாங்கி தெரிந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இரத்தத்தில் சீனி அடியோடு இறங்கிவிட்டது என்று சொல்லி வார்டில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். குளுக்கோஸ் ஏறின உடனே எழும்பி உட்காருவார் என்று ஒரு தாதி சொன்னார், அப்படித்தான் எல்லாரும் எழும்புவார்கள் என்றும் சொன்னார். அம்மா எழும்பவில்லை. பின்னேரம் கிளினிக் முடிந்து அந்த டொக்டரே வந்தார். அம்மாவின் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த அளவைத்தானே இத்தனை மாதமும் போட்டார், இன்றைக்கு மட்டும் ஏன் இப்படி என்று கேட்டார்.

அப்போது சொன்னேன். பாதி அளவுதான் போட்டார், எனக்குத் தெரியும் என்று சொன்னேன். இங்கிலிஷ் சரியாக வரவில்லை. பாதி என்கிற சொல்லை இரண்டு மூன்று தரம் சொல்லவேண்டியிருந்தது.

டொக்டர் ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் ஏசவில்லை. கொப்பியில் தன் கையெழுத்திலிருந்த முப்பத்துநாலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நான்தானே கூட்டினேன்" என்றார், எனக்கல்ல. பிறகு தமிழில் கேட்டார்.

"ஏன் சொல்லல்ல?"

இதற்கு விவாதத்தில் சொல்வதுபோல ஒரு பதிலை நான் பல மாதமாகத் தேடியிருக்கிறேன். என் கூட்டாளி சொன்னது பாதி சரி. கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. போத்தல் எத்தனை நாளில் முடிய வேண்டும், எத்தனை நாளில் முடிகிறது என்று காக்காவுக்கு விளங்கிய உண்மை ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் விளங்கவில்லை. ஆனால் தெரிந்து என்ன? அந்த உண்மையை வைத்து அவர் செய்யக்கூடியது இன்னொரு போத்தலை விற்பதும் ஐஸ்கட்டி கொஞ்சம் கூடப் போடுவதும்தான். அளவைக் குறைத்து எழுதக்கூடிய கை இங்கே இருந்தது, உண்மை அங்கே இருந்தது. இரண்டு இடத்துக்கும் போய்வந்த ஒரே ஆள் நான். இரண்டு இடத்திலும் பொய் சொன்னேன்.

இன்றைக்கும் கேட்டால் வைத்தியத்தைச் சந்தையிடம் விடக்கூடாது என்றுதான் சொல்வேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த எட்டு வருஷத்தை அம்மாவுக்குத் தந்தது அரசு ஆஸ்பத்திரிதான், வேறு எவரும் தந்திருக்கமாட்டார்கள். ஆனால் அந்த ஆஸ்பத்திரி 'வெளியில எடுங்க' என்று சொன்ன நாளிலிருந்து எங்களைப்போன்றவர்கள் இரண்டுக்கும் நடுவில் நின்றோம். நடுவில் நிற்பவர்களிடம் எவரும் எதையும் கேட்பதில்லை. கேட்டாலும் நாங்கள் ஓம் என்றுதான் சொல்வோம். நான் சரியான பக்கத்தில் நின்று பேசினேன் என்பதில் எனக்கு ஒரு ஆறுதலும் இல்லை.

சீனித் தண்ணீரை அக்கா தட்டிவிட்டிராவிட்டால் என்ன நடந்திருக்கும் என்பதை அக்காவுக்கு நான் சொல்லவில்லை. மாமியையும் சொல்லவேண்டாம் என்று கேட்டிருக்கிறேன். அக்கா இதை வாசிக்கமாட்டார்.

அம்மா பதினோராம் நாள் கண் திறந்தார். உயிர் இருக்கிறது, நடக்கிறார், ஊட்டினால் சாப்பிடுகிறார். ஆட்களைத் தெரியாது. அக்காவைத் தன் தங்கச்சி என்று நினைக்கிறார். நான் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு டியூசனுக்குப் போவதாலோ, கையில் சிரிஞ்சோடு வருவதாலோ, என்னை ஆஸ்பத்திரி ஆள் என்று நினைக்கிறார். நான் கிட்டப் போனால் எழும்பி நிற்கப் பார்க்கிறார்.

போன கிழமை காலை, நான் மருந்தை இழுத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தார்.

"ஐயா, ஏசாதீங்க. நான் பாதிதான் போடுறன். என்ட மகனுக்குச் சொல்லிராதீங்க, அவன் பாவம், வாங்கித் தர ஏலாம மனவருத்தப்படுவான்."

சொல்லமாட்டேன் என்றேன். அவர் சட்டையை விலக்கி வயிற்றைக் காட்டிக்கொண்டு, சொன்ன சொல்லை நான் காப்பாற்றுவேனா என்று என் முகத்தையே பார்த்தபடி இருந்தார். ஊசியைப் போட்டேன்.